அந்திக் கூப்பாடு

காஸ்பர் ஊரை விட்டுப் போகிறான் என்பதை எனக்குச் சொன்னது காஸ்பர் இல்லை. ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள், அவளுக்கு முன்னால் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை போகிறானாம். விண்டர்தூர் நகரத்தில் இருக்கிற தங்கை மார்த்தாவின் வீட்டுப் பக்கமாம். இனி திரும்பி வரமாட்டானாம். காஸ்பரும் நானும் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள். அப்படிப்பட்டவன் ஊரைக் காலி செய்கிற செய்தி எனக்கு ரொட்டியோடு இனாமாகக் கிடைக்கிறது.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னமோ கேள்விப்பட்டேனே?" என்றேன்.

"ஆமா."

"என்ன ஆமா?"

"நீ கேள்விப்பட்டதுதான்."

அவனிடமிருந்து ஒரு முழு வாக்கியத்தை வாங்குவதற்குள் கல்லில் நார் உரித்துவிடலாம். வாலிபம் முழுக்க மேல் அணைக்கட்டில் காவல் இருந்தவன். குளிர்காலத்தில் பாதை பனியில் மூடிப்போகும். மாதக்கணக்கில் அவனும் ஒரு தொலைபேசியும்தான். அந்தத் தொலைபேசியிலும் தண்ணீர் மட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரையாவது வாயைத் திறந்து கேட்டால்தானே கல்யாணம் நடக்கும்?

மெள்ள மெள்ளப் பிடுங்கினேன். இடது மூட்டு தேய்ந்துவிட்டது. அவன் வீட்டு மாடிப்படியோ செங்குத்து. மார்த்தா இருக்கும் கட்டடத்தில் ஒரு வீடு காலியாகியிருக்கிறது. லிஃப்ட் உண்டு, பால்கனி உண்டு.

"பால்கனியிலேருந்து என்ன தெரியும்?"

"ரயில்வே யார்டு. விடிய விடிய வெளிச்சமா இருக்குமாம்."

"கொடுத்து வச்சவன்."

பூட்ஸைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தான். "சனிக்கெழம பின்ஏரி வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வரலாமான்னு பாத்தேன். சுத்திப் போயி யோஸ்ட் மாடு மேய்க்கிற எடத்துல எறங்கி, அவன் சாமான் ஏத்தற ரோப் வண்டியில கீழ வந்துரலாம். வர்றியா?"

"மூட்டு?"

"அதுவும் கூட வரும்."

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் போவதை என்னால் தாங்க முடியவில்லை. என் கணவர் எமில் நல்ல மனிதர். மலை ஏறமாட்டார், மலைப் படம் போட்ட நாட்காட்டி சமையலறையில் தொங்குகிறதே, அது போதாதா என்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிறுதோறும் காஸ்பர் சீட்டாட வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தோற்கடிப்பான், காப்பி குடிப்பான், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன் என்பது ரொட்டிக் கடையில்தான் எனக்கு உறைத்தது. என் வீட்டில் கீழ் அறை காலியாகக் கிடக்கிறது. படியே ஏற வேண்டாம். 'இங்கேயே இரு' என்று இரண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் கேட்க வேண்டியவன் அவனல்லவா என்று எனக்கு ஒரு வீம்பு. எங்கள் ஊரி மாநிலத்து மலைக்காரர்கள் பசித்த வயிற்றோடு வந்தாலும் 'சாப்பிட்டாச்சு' என்பவர்கள். எதையும் கேட்பது எங்களுக்கு ரத்தத்தில் கிடையாது. அதிலும் நான் முப்பது வருஷம் மலைச்சாலையில் மஞ்சள் பஸ் ஓட்டி, எதிரே வந்த லாரிக்காரனையெல்லாம் பின்னால் போகவைத்தவள். நானா ஒருவனிடம் போய்க் கேட்பேன்?

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினோம். நான் ஓட்டிய அதே தடம். இப்போது ஓட்டுகிற பையன் தேவாலயத்து வளைவில் பிரேக்கை மிதித்த காலை எடுக்கவே இல்லை. என் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது.

"நீ ஓட்டல இப்ப," என்றான் காஸ்பர்.

"ஓட்டறவனும்தான் ஓட்டல."

கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். மஞ்சள் பலகையில் பின்ஏரிக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதியிருந்தது. காஸ்பர் அதைப் படித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "இது ஆட்டுக்கு எழுதினது," என்றான்.

முதலில் இடுக்கு வழி. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஆறு, ஆற்றுக்கு மேலே பாறையைக் குடைந்து போட்ட பாதை. தண்ணீர் இரைச்சலில் பேச்சு கேட்காது. நான் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகைப் பார்த்தபடி நடந்தேன். சின்ன வயதில் எங்கள் வாத்தியார் எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்து இந்த வழியாகக் கூட்டிப்போவார். அப்போதும் எனக்கு முன்னால் காஸ்பர்தான். அவன் கால்சட்டை வாரில் ஒரு பித்தான் எப்போதும் இருக்காது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் எனக்குப் பள்ளம் பயமாக இருந்ததில்லை. இன்றும் பாறைச் சுவரில் நீர் கசிந்துகொண்டிருந்தது, அதே பாசி வாசனை அடித்தது. வயது மட்டும்தான் எங்களோடு ஏறி வந்திருந்தது.

இடுக்கைத் தாண்டினால் அருவி. ஊருக்கு வருகிற புத்தகங்களில் அதற்கு என்னவோ அழகான பெயர் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது 'துவைக்கிறவள்'. பாறையில் துணி அடிக்கிற மாதிரி விட்டு விட்டுச் சத்தம் போடும். அங்கே நின்று முகத்தில் சாரல் வாங்கினோம். காஸ்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இவ கொஞ்சம் இளைச்சுட்டா," என்றான்.

"வயசாகுதுல்ல."

"நீ இளைக்கலையே."

"கண்ணாடியைப் போட்டுட்டுப் பேசு."

லார்ச் மரக் காட்டுக்குள் நீலக்காய்ப் புதர்கள் காய்த்துக் கிடந்தன. குனிந்து பறிக்க அவனால் முடியவில்லை. நான் பறித்து அவன் கையில் போட்டேன். பத்தொன்பது வயதில் இதே காட்டில், ஊர் இளைஞர் கூட்டத்தோடு வந்தபோது, அவன் எனக்கு ஒரு கைக்குட்டை நிறையப் பறித்துக் கொடுத்தான். மற்ற பெண்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் என்னைப் போட்டுக் கேலி செய்தார்கள். நான் காது சிவக்கத் தின்று தீர்த்தேன், நாக்கெல்லாம் நீலம். அவன் ஏதாவது சொல்வான் என்று அன்று ஏரி வரைக்கும் பார்த்தேன், அங்கிருந்து வீடு வரைக்கும் பார்த்தேன். மறு வருஷமும் பார்த்தேன். பிறகு எமில் வந்தார். அவர் கேட்டார். நான் சரி என்றேன். அதில் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது. ஆனாலும் அந்த நீலக்காயின் புளிப்பு நாக்கில் பட்டதும் பத்தொன்பது வயது அகதா எங்கிருந்தோ எழுந்து வந்துவிட்டாள். அவள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

காடு முடிந்து வெட்டவெளி வந்தது. மர்மோட்டுகள் என்கிற கொழுத்த மலை அணில்கள் எங்களைக் கண்டதும் விசிலடித்துவிட்டு வளைக்குள் பாய்ந்தன. மேட்டு விளிம்பில் காட்டாடு ஒன்று கொம்பைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. காஸ்பர் இரண்டு கோலையும் ஊன்றி ஊன்றி வந்தான். ஒவ்வொரு வளைவிலும் நின்று, மலையைப் பார்க்கிற சாக்கில் மூச்சு வாங்கினான். நானும் அதே சாக்கில் நின்றேன். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை, வலிக்கிறது என்று அவன் சொல்லவில்லை.

பெரிய பாறைக்கு வந்தோம். பிஷப் தொப்பி மாதிரி நடுவில் பிளந்திருக்கும். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது பனியாறு இந்தப் பாறை வரைக்கும் இறங்கி நின்றது. அதன் வாயில் நீல நிறத்தில் ஒரு குகை இருந்தது. உள்ளே தலையை நீட்டிக் கத்தினால் எங்கோ ஆழத்தில் யாரோ மேசையை இழுக்கிற மாதிரி உறுமும். பனியைச் சுரண்டிக் குவளையில் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ராஸ்பெர்ரிப் பாகை ஊற்றித் தின்போம். பல் கூசும். இன்று பாறைக்குப் பின்னால் சரளைக்கல், சரளைக்கல், மறுபடியும் சரளைக்கல். வெகு தூரத்துக்கு அப்பால், மலைத் தோளில் அழுக்குத் துணியை மறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி கொஞ்சம் வெள்ளை தெரிந்தது.

காஸ்பர் பாறையில் கையை வைத்தான். "இங்கதான் நின்னுச்சு."

"தெரியும்."

"என் நெஞ்சு உயரத்துக்கு இருந்துச்சு."

மனிதர் செத்தால் கல்லறை இருக்கிறது, பூ வைக்கலாம். பனியாறு செத்தால் எங்கே போய் நிற்பது? திங்கட்கிழமைக்குப் பிறகு இது இங்கே இருந்தது என்று சொல்ல என்னோடு யார் வருவார்கள்? ரொட்டிக் கடையில் நிற்கிறவளா?

ஏரி மட்டும் முன்பைவிடப் பெரிதாகியிருந்தது, பனியாறு உருகிய தண்ணீரெல்லாம் அதில்தானே. பால் கலந்த பச்சை. கரையெங்கும் பருத்திப்புல் வெள்ளை வெள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. காற்று படாத ஓரத்தில் உட்கார்ந்து காய்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் பேரிக்காய் ரொட்டியும் சாப்பிட்டோம். காஸ்பர் தன் கத்தியால் மெல்லிசு மெல்லிசாக வெட்டி, முதல் துண்டை எனக்கு நீட்டினான். அதுவும் எப்போதும் அப்படித்தான்.

இளம் ஜோடி ஒன்று எங்களைக் கடந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நின்றாள். "உங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுக்கட்டுமா? பாக்க அவ்வளவு அழகா இருக்கு. கல்யாணமாகி எவ்வளவு வருஷம்?"

"ஆகல," என்றான் காஸ்பர்.

"இவரு திங்கக்கெழம ஓடிப்போறாரு," என்றேன் நான்.

பாவம், அந்தப் பெண்ணுக்கு எந்தப் பக்கம் சிரிப்பதென்று தெரியவில்லை. அவர்கள் நகர்ந்து போன பிறகு காஸ்பர் ஏரியைப் பார்த்தபடி இருந்தான். பிறகு, "அகதா," என்றான்.

"ம்?"

இதோ வருகிறது, இத்தனை வருஷம் கழித்து வருகிறது என்று நினைத்தேன்.

"அந்த லிஃப்ட்டுல ஆறு பேர் நிக்கலாமாம்."

"நல்லதாப் போச்சு. இன்னும் அஞ்சு பேரைத் தேடிப் பிடிச்சுக்க."

"போறது சரிதான்னு நெனைக்கறியா?"

"மூட்டு தேஞ்சவனுக்கு மலை எதுக்கு? போறதுதான் நல்லது."

"அப்படியா சொல்ற?"

"அப்படித்தான் சொல்றேன்."

அவன் கத்தியை மடக்கிப் பையில் போட்டான். அவனுக்குத் தெரிந்த விதத்தில் அவன் கேட்டுவிட்டான் என்று அந்தக் கத்தி மடங்கிய சத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது. வாயிலிருந்து விழுந்ததை அள்ள முடியுமா? எழுந்து பையை மாட்டிக்கொண்டேன். கோபம் அவன்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

கணவாயில் ஏறி நின்றபோது அவன் முகம் வெளுத்திருந்தது. "நீ முன்னாடி போ. யோஸ்ட்கிட்ட காப்பி போடச் சொல்லு. நான் என் வேகத்துல வர்றேன்," என்றான்.

எங்கள் மலையில் ஒருவர் 'என் வேகத்தில் வருகிறேன்' என்றால் இனி ஒரு அடி வைக்க முடியவில்லை என்று அர்த்தம். குழந்தைக்கும் தெரியும். கூட இருப்பவர் அது தெரியாதது போல, அங்கேயே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் மரியாதை. நானோ, "சரி," என்று சொல்லிவிட்டு விடுவிடு என்று இறங்கினேன்.

பாதி வழியில் மூடுபனி கீழேயிருந்து ஏறி வந்தது. இது ஆகஸ்டு கடைசியில் வழக்கம்தான். ஆனால் இப்படி அடர்ந்து வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பாறையில் வழி காட்ட அடித்த வெள்ளை சிவப்புப் பட்டையைத் தடவித் தடவி யோஸ்டின் மேய்ச்சலுக்கு வந்து சேர்ந்தேன்.

யோஸ்டும் அவன் மனைவி பியாவும் கோடைக்குக் கோடை அங்கே மாடு மேய்த்துப் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். சின்ன வயதுக்காரர்கள். யோஸ்ட் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் வாயைத் திறந்தான். காற்று மட்டும்தான் வந்தது.

"மூணு நாளா அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு அகதாக்கா," என்றாள் பியா. "சுத்தமா குரல் இல்ல. அந்திக் கூப்பாடும் நின்னு போச்சு. மாடெல்லாம் ஒரு மாதிரியாத் திரியுது. நீங்க தனியாவா வந்தீங்க?"

"காஸ்பர் பின்னாடி வர்றான். காப்பி போடச் சொன்னான்."

அவள் போட்டாள், கொஞ்சம் சாராயமும் ஊற்றினாள். மூன்றாவது கோப்பை யாரும் தொடாமல் ஆறியது. நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். வெளியே கை நீட்டினால் விரல் தெரியவில்லை. மாட்டு மணிகள் முன்னாலும் கேட்டன, பின்னாலும் கேட்டன, தலைக்கு மேலேயும் கேட்டன. கணவாயிலிருந்து வருகிற பாதை ஒரு இடத்தில் இடுக்குப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி வரும். அங்கே கயிறும் கிடையாது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

"பியா, எனக்குப் பயமா இருக்குடி," என்றேன். அப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.

யோஸ்ட் எழுந்து விளக்கை எடுத்தான், நாயை அவிழ்த்தான். பியாவின் காதில் ஏதோ சொன்னான்.

"மணிச் சத்தத்தை நம்பி நடந்தா பள்ளத்துல எறங்கிருவாராம்," என்றாள் பியா. "இந்தப் பனியில மணி எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியாது. மனுஷக் குரல் ஒரே எடத்துலேருந்து விடாம கேட்டுட்டு இருந்தா திசை தெரியுமாம். நீங்க ஏறி நின்னு கூப்பாடு போடுங்கன்றார். நான் பாசெல் டவுன்காரி அக்கா, எனக்கு ரெண்டு வரிக்கு மேல வராது."

யோஸ்ட் நாயோடு பனிக்குள் போனான். பால் வடிகட்டுகிற மரப் புனலை பியா என் கையில் கொடுத்தாள்.

அந்திக் கூப்பாடு என்பது எங்கள் மேய்ச்சல்களில் பெரியவர்களுக்கும் பெரியவர்கள் காலத்து வழக்கம். பொழுது சாயும்போது மேய்ச்சல்காரன் சிலுவை மேட்டில் ஏறி, இந்தப் புனலை வாயில் வைத்துத் தேவமாதாவையும் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அந்தக் குரல் எட்டுகிற தூரம் வரைக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் அன்றைக்குக் கேடு வராது. நான் மேட்டில் ஏறி நின்றேன். புனலில் புளித்த பால் வாசனை அடித்தது. கீழே பியா வாளியை வைத்துவிட்டுக் கைகளைக் கோத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

என் பஸ்ஸில் ஒலிபெருக்கி பழுதாகிப் பல வருஷம் யாரும் சரிசெய்யவில்லை. நிறுத்தங்களையெல்லாம் தொண்டையால்தான் சொல்லி ஓட்டினேன். அந்தத் தொண்டையைத் திறந்தேன்.

"கூப்பிடறேன்! இந்தப் புல்லுக்கும் இந்தப் புல்லுல நிக்கிற எல்லா உயிருக்கும் காவல் கூப்பிடறேன்! தேவமாதாவே, காவல்! சூசையப்பரே, காவல்! புனித வென்டலினே, மாட்டுக்குக் காவல்! அந்தோணியாரே, காணாமப் போனவங்களுக்குக் காவல்!"

எதிர்ப் பாறை எல்லாவற்றையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பதில் குரல் ஒன்றும் இல்லை. தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டேன். இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். பிறகு அடுத்த வரி மறந்துவிட்டது. நிறுத்தினால் அவனுக்குத் திசை போய்விடும். நாக்குக்கு மனப்பாடமாக இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ரயிலடி! மர மில்லு! பழைய பாலம்! பள்ளிக்கூடம்! தேவாலயம், மேல் வாசல்! அணைக்கட்டு பிரியற ரோடு!"

கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டேன். அதற்கு மேல் பஸ்ஸும் கிடையாது. பனி அப்படியே நின்றது. அவன் பள்ளத்தில் கிடக்கிறான் என்றே எனக்குத் தோன்றிவிட்டது. அப்புறம் என்ன வீம்பு, என்ன மானம்!

"காஸ்பர்! எங்கடா இருக்க? கேக்குதா? நான் சொன்னது பொய்யிடா! போறது நல்லதில்ல! அந்த யார்டு வெளிச்சத்துல நீ எப்படித் தூங்குவ? மார்த்தாவுக்குச் சீட்டாடத் தெரியுமா? என் வீட்டுல கீழ் ரூம் சும்மாக் கெடக்குது! படி கெடையாது! லிஃப்ட்டும் வேண்டாம்! நீ கேப்ப நீ கேப்பன்னு பாத்துப் பாத்து எனக்குத் தலை நரைச்சுப் போச்சு! நானே கேக்கறேன், அகதா கேக்கறேன்! போகாதடா! என்கூட இரு!"

"இரு, இரு," என்றது பாறை.

அழுகை முட்டியது. மூச்சு வாங்குவதற்காகப் புனலை இறக்கினேன். வெகு பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

"அகதா."

"காஸ்பர்? எங்க இருக்க?"

"இங்கதான். தண்ணித் தொட்டிகிட்ட."

தண்ணீர்த் தொட்டி என் காலுக்குக் கீழே கல்லெறி தூரம்கூட இல்லை.

"எவ்வளவு நேரமா அங்க நிக்கற?"

"தேவமாதாவிலேருந்து."

"அப்புறம் ஏன்டா வரல? நான் இங்க உசுரை விட்டுக் கத்திட்டு இருக்கேன்!"

"நீ இன்னும் முடிக்கலையே," என்றான்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. கூப்பாடு காதில் விழுந்தால் விழுந்த இடத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும். கடைசி ஆமென் வரைக்கும் காலும் நகரக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது. மலையில் பிறந்தவன் எவனும் இதை மீறமாட்டான். திசை காட்டக் கூப்பாடு போடச் சொன்ன யோஸ்டும், போட்ட நானும் பதற்றத்தில் அதை மறந்துவிட்டோம். காஸ்பர் வரவில்லையே என்று நான் நிறுத்தவில்லை. நான் நிறுத்தவில்லையே என்று அவன் வரவில்லை.

"பஸ் ஸ்டாப்பெல்லாம் வந்தப்ப எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "தேடி வந்து பக்கத்துல நின்ன யோஸ்டைத் திரும்பிப் பாத்தேன். அவன் தொப்பியைப் போடல. சரி, இந்த வருஷத்துலேருந்து மாத்திட்டாங்க போலன்னு நானும் நின்னேன்."

பனி லேசாக விலகியது. காஸ்பர் தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றான். பக்கத்தில் யோஸ்ட், அவன் தொப்பியும் கையில். அவன் தோள் குலுங்கிக் குலுங்கி அடங்கியது. பாவம், அவனுக்குச் சிரிக்கவும் குரல் இல்லை. நாய்கூட உட்கார்ந்துதான் இருந்தது.

"முடிச்சுரு அகதா," என்றான் காஸ்பர். "குளிருது."

புனலை எடுத்து, "ஆமென்!" என்று கூவினேன். உடைந்த குரலாகத்தான் வந்தது. ஆனால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேய்ச்சலிலிருந்து ஆணும் பெண்ணுமாக நாலைந்து குரல்கள், "ஆமென்!" என்று பதில் சொல்லின. அவர்களும் அத்தனை நேரம் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ரொட்டிக் கடைக்கு இனி நான் எந்த முகத்தோடு போவேன்?

காஸ்பர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி மேட்டில் ஏறி வந்தான். என் கையிலிருந்த புனலை வாங்கிக்கொண்டான். அவன் கண்ணாடி நனைந்திருந்தது. பனியா வேறொன்றா என்று நான் கேட்கவில்லை.

"கீழ் ரூம் ஜன்னல் எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம்."

புனலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"திங்கக்கெழம காலைல சாமான் வண்டி வந்துரும்," என்றான். "எங்க எறக்கணும்னு நீயே வந்து சொல்லிரு. குரல் உனக்குத்தான் இருக்கு."